தேக்குக்கு ஏற்ற நிலம்: கியூஜிஐஎஸ்ஸில் ஃபஸ்ஸி வரைபடம் போடும் முறை

ஆண்டு மழை 1,300 மி.மீ. என்றால் தேக்கு வரும், 1,290 என்றால் வராது என்று காட்டில் கோடு எதுவும் கிடையாது. ஆம்/இல்லை வரைபடம்தான் அப்படிக் கோடு கிழிக்கிறது. ஃபஸ்ஸி முறை வரைபடத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும், எவ்வளவு ஏற்றது என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில், ஆனைமலை அடிவாரத்தை வைத்துப் பார்ப்போம்.

தேவையான தரவு அடுக்குகளும் கட்ட அளவும்: உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்தது) 30 மீட்டர், மழைக்கு வேர்ல்டுகிளிம் (உலகக் காலநிலைத் தரவு) 1 கி.மீ., மண்ணின் பிஹெச்சுக்கு (அமில-காரத் தன்மைக்கு) சாயில்கிரிட்ஸ் (உலக மண் தரவு) 250 மீட்டர். ஆழத்துக்கும் வடிகாலுக்கும் மண் ஆய்வு வரைபடமே மேல். எல்லா அடுக்குகளையும் யுடிஎம் மண்டலம் 43 வடக்குக்கு (மீட்டரில் அளக்கும் ஆயமுறை; இபிஎஸ்ஜி குறியெண் 32643) மாற்றி, 100 மீட்டர் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி வையுங்கள். மாற்றும்போது மழை, பிஹெச் போன்றவற்றுக்கு பைலீனியர் (சுற்றியுள்ள நான்கு கட்டங்களின் எடையிட்ட சராசரி). மண் வகைக்கு அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பு. கட்டத்தைச் சிறிதாக்கினாலும் மழைத் தரவின் நுணுக்கம் கூடாது. வால்பாறையில் கொட்டும் மழை பொள்ளாச்சிக்குள் பல மடங்கு குறைந்துவிடும். அந்த இறக்கத்தை 1 கி.மீ. தரவு மழுப்பிவிடும். உள்ளூர் மழைமானிப் பதிவோடு ஒப்பிட்டே நம்புங்கள்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். உயர அடுக்கை அட்சரேகை-தீர்க்கரேகை டிகிரி அளவிலேயே விட்டுச் சரிவு கணக்கிட்டால் எங்கும் 90 டிகிரியை ஒட்டியே வரும். சாயில்கிரிட்ஸ் பிஹெச்சைப் பத்தால் பெருக்கி வைத்திருக்கும். 65 என்றால் 6.5. வகுக்க மறந்தால் அந்த அடுக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

அடுத்து, ராஸ்டரை (கட்டங்களாலான அடுக்கை) ஃபஸ்ஸியாக்கும் நேர்கோட்டுக் கருவி. அதில் கீழ் எல்லை 0, மேல் எல்லை 1. கீழ் எல்லைக்குப் பெரிய எண்ணைக் கொடுத்தால் கோடு இறங்குமுகமாகும். மழைக்கு 700–1,300 ஏறுமுகம், 4,000–2,500 இறங்குமுகம்; இரண்டிலும் சிறியதை எடுத்தால் நடுவில் தட்டையான மேடு கிடைக்கும். பிஹெச்சுக்கு இதே முறையில் 5–6.5, 8.5–7.5. சரிவுக்கு 30–10 டிகிரி, உயரத்துக்கு 1,100–700 மீட்டர். மண் ஆழம் 1 மீட்டருக்கு மேல் 1, அரை மீட்டருக்குக் கீழ் 0.1, இடைப்பட்டது 0.5. நீர் தேங்கும் மண்ணுக்கு 0. இவை தொடங்குவதற்கான எண்கள். உங்கள் வட்டாரத் தோட்டங்களைப் பார்த்துத் திருத்துங்கள்.

வரைபடம் பெரும்பாலும் கெடுவது சேர்க்கும் இடத்தில்தான். மழை 0.9, பிஹெச் 0.8, வடிகால் 0.3 என்று ஒரு கட்டம் இருக்கட்டும். காமா என்பது எல்லா மதிப்பெண்களையும் கலந்து ஒரே எண்ணாக்கும் ஃபஸ்ஸி முறை. அதை 0.9 என்று வைத்துச் சேர்த்தால் சுமார் 0.85 வரும், பார்க்க நல்ல நிலம். சிறியதை எடுக்கும் முறையில் 0.3தான். நல்ல மழை வேரழுகலை ஈடுகட்டாது. தேங்கிய நீரில் தேக்கு நிற்காது. எனவே மழை, பிஹெச், உயரம், சரிவு ஆகியவற்றைக் காமாவில் சேருங்கள். அந்த விடை, ஆழம், வடிகால் மூன்றிலும் சிறியதை ராஸ்டர் கால்குலேட்டரில் எடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி போட்டால் பச்சை நிறம் நிறைந்த, உதவாத படம்தான் மிஞ்சும்.

நீர்நிலை, குடியிருப்பு, சரணாலயம், இருக்கும் இயற்கைக் காடு ஆகியவற்றைக் கடைசியில் மறைத்துவிடுங்கள். அவற்றுக்கு 0 கொடுத்தால் ‘தகுதியில்லாத நிலம்’ என்று படிக்கப்படும், தரவில்லாக் கட்டமாக்குங்கள்.

சரிபார்க்க, டாப்சிலிப் பக்கத்துப் பழைய தேக்குத் தோட்டங்களின் தரவகுப்பை (மர வளர்ச்சியை வைத்து ஒன்றிலிருந்து நான்கு வரை; ஒன்றே சிறந்தது) வரைபட மதிப்போடு வைத்துப் பாருங்கள். முதல் தரத் தோட்டங்கள் 0.4க்குக் கீழ் விழுந்தால் எந்த அடுக்கு இழுக்கிறது என்று தேடி, அதன் எல்லையைத் தளர்த்துங்கள். நேரில் போக நேரம் குறைவென்றால் முடிவு தெளிவில்லாத 0.4–0.6 கட்டங்களுக்குப் போங்கள். 1 மீட்டர் குழி தோண்டினால் பாறையா, சாம்பல் நிறத்தில் ஊறிய களிமண்ணா என்று தெரிந்துவிடும்.