சிறப்புப் பள்ளிப் படிப்பு முடிந்தபின் பகல் நேரப் பராமரிப்பு மையத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிறப்புப் பள்ளி முடிந்ததும் அறிவுசார் குறைபாடுள்ள பலர் வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். காலையில் குளித்து, உடை மாற்றி, வேனுக்குக் காத்திருந்த பழக்கம் நின்றுபோனால், பல ஆண்டுகள் பாடுபட்டுக் கற்ற சட்டைப் பொத்தான் போடும் திறன்கூடச் சில மாதங்களில் மங்கத் தொடங்கும். ஆகவே பள்ளி முடிய ஓராண்டு இருக்கும்போதே மையத்தைத் தேடத் தொடங்குங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மையங்களைப் பற்றி விசாரித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையையும் (யு.டி.ஐ.டி.) தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குப் பிறகு பெற்றோர் தாமாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மையத்தைக் காலை 11 மணியளவில் சென்று பார்த்து, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். என் தம்பிக்காக நான் முதலில் பார்த்த மையத்தில் சுவரெல்லாம் அழகான ஓவியங்கள் இருந்தன. ஆனால் அங்கிருந்த அனைவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகித உறை ஒட்டுவதோ, மிதியடி பின்னுவதோ, காய்கறி நறுக்குவதோ, அவரவரால் இயன்ற வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கழிப்பறையை அவசியம் பாருங்கள். பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில் உதவப் பெண் பணியாளர் உண்டா என்பதைத் தயங்காமல் கேளுங்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்போம், வாயில் எதையும் வைக்க மாட்டோம், நேரத்தைக் குறித்துக்கொண்டு 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைப்போம் என்று சொன்னால் நம்பலாம். சாவிக் கொத்தைக் கையில் கொடுப்போம் என்றால் அங்கே முறையான பயிற்சி இல்லை.

என் தம்பிக்குப் பேச்சு வராது. சிறுநீர் வந்தால் இடது காதை இழுத்துக்கொள்வான். இத்தகைய குறிப்புகளையும் மதிய மாத்திரையின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றையும் ஓர் அட்டையில் எழுதிப் பையில் வைத்து, உங்கள் வீட்டவரை நேரடியாகக் கவனிக்கும் ஆயாவிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் அரைநாள் மட்டும் அனுப்புவது நல்லது. வீடு திரும்பியதும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் சோறு அப்படியே இருந்தால், மூன்றாம் நாள் மதியம் நீங்களே நேரில் சென்று அவர் அருகில் அமர்ந்து சாப்பிடுங்கள்.