தொய்ந்து போகாத வெண்டைக்காய் வறுவல்

சாம்பாரில் வெண்டைக்காயைக் கண்டாலே தட்டின் ஓரம் ஒதுக்கும் மகளுக்காக வறுவல் போட ஆரம்பித்தேன். எண்ணெயிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்றுதான் இருக்கும், ஆறுவதற்குள் தொய்ந்துவிடும்.

அரிசி மாவைக் கூட்டிப் பார்த்தேன், உதிர்ந்து எண்ணெய்தான் கசடானது. சோள மாவில் மேலே ஓடு, உள்ளே அதே கொழகொழப்பு. தீயைக் கூட்டினால் ஓரம் கருகியது.

விஷயம் பிடிபட்டது பிசறி வைத்த கிண்ணத்தில். உப்பு போட்டு ஊறிய துண்டுகளுக்கு அடியில் தண்ணீர் கசிந்து நின்றது. மாவைக் கூழாக்குவது அந்தத் தண்ணீர்தான்.

இப்போது காயைக் கழுவித் துடைத்து, நன்றாக உலரவிட்டு, நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கி, விதையை வழித்துவிடுகிறேன். கால் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவு, ஒன்று அரிசி மாவு, கொஞ்சம் மிளகாய்த்தூள். தண்ணீர் வேண்டாம், உப்பும் கிடையாது. பிசறியதும் மிதமான சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். நிறத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது. குமிழி அடங்கினால்தான் உள்ளே ஈரம் போயிருக்கிறது என்று அர்த்தம். எடுத்த சூட்டோடு தூள் உப்பைத் தூவி, முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுகிறேன்.

காலையில் போட்டது, மகள் ஸ்கூல் விட்டு வரும்வரை அப்படியே நொறுங்குகிறது. பெரிய நிம்மதி.