மாங்குயில்களை அடையாளம் காண்பது எப்படி? மஞ்சளை விடுங்கள், கருப்பைப் பாருங்கள்

இலைகளுக்கு நடுவே மஞ்சளாக ஒன்று பளிச்சென்று தெரியும். பைனாகுலரை எடுப்பதற்குள் மறைந்துவிடும். மாங்குயிலோடு பலருக்கும் முதல் அறிமுகம் இப்படித்தான். அது எந்த மாங்குயில் என்று கேட்டால், மஞ்சளாக இருந்தது என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியாது. மஞ்சள் பல இனங்களுக்குப் பொது நிறம். இனத்தைக் காட்டிக்கொடுப்பது தலையில் உள்ள கருப்பு.

படி 1: மாங்குயில்தானா?

மைனா அளவு இருக்கும், ஏறத்தாழ 25 செ.மீ. வளர்ந்த பறவையின் அலகு இளஞ்சிவப்பு. மாம்பழச்சிட்டும் மஞ்சள்தான், ஆனால் அது சிட்டுக்குருவி அளவே.

படி 2: கருப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

பொறுமை தேவைப்படுவது இங்கேதான். பறவை பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருங்கள்.

தலையும் தொண்டையும் மையில் முக்கி எடுத்தது போல முழுக்கக் கருப்பா? அது கருந்தலை மாங்குயில். கருப்புத் தலையில் சிவந்த கண்ணும் இளஞ்சிவப்பு அலகும் எடுப்பாகத் தெரியும்.

தலை மஞ்சளாக இருந்து, கண் வழியாகக் கருப்புப் பட்டை மட்டும் ஓடுகிறதா? அந்தப் பட்டையின் பின்முனையைத் தேடுங்கள். இரண்டு பக்கப் பட்டைகளும் பிடரியில் ஒன்றுசேர்ந்து அகலமாக இருந்தால் கரும்பிடரி மாங்குயில். சேர்ந்திருந்தும் பட்டை ஒடுங்கி, அலகும் மெலிந்திருந்தால் மெல்லலகு மாங்குயில்.

பிடரி சுத்த மஞ்சளா? அப்படியானால் பொன்மாங்குயில். அதிலும் இரண்டு உண்டு. கருப்பு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் இந்தியப் பொன்மாங்குயில்; கண்ணோடு நின்றுவிட்டால் யூரேசியப் பொன்மாங்குயில். இந்திய இனத்தின் சிறகில் மஞ்சளும் கூடுதல். நீண்ட காலம் இவை இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னக் கோட்டைக் கவனிக்கப் பழகிவிட்டால், பறவை பார்ப்பதே வேறு விதமான சுகம்.

ஒருமுறை அத்திப்பழம் தின்றுகொண்டிருந்த ஒன்று, கால் மணி நேரம் எனக்கு முதுகையே காட்டியது. முகம் தெரியவில்லையே என்று தவித்தேன். அப்புறம் அது பழத்துக்காகக் குனிந்தபோது பிடரியில் கருப்புக் கச்சை கட்டியது போல அகலப் பட்டை! கரும்பிடரி மாங்குயிலுக்கு முதுகுப் பக்கமே போதும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

படி 3: மஞ்சளே இல்லையென்றால்?

இமயமலைக் காடுகளில் அரக்குச் சிவப்பு உடலும் கருப்புத் தலையும் சிறகும் கொண்ட மாங்குயில் உண்டு. வாலும் அரக்கு நிறமே. இதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

மாங்குயிலை ஆங்கிலத்தில் ஓரியோல் என்பார்கள். ஆனால் அமெரிக்கக் கண்டத்தில் ஓரியோல் என்று அழைக்கப்படுபவை வேறு குடும்பம். பெயர் மட்டுமே ஒற்றுமை. ஆனாலும் ஆண் பறவைகளில் இதே வழி அங்கேயும் உதவும். தலை முழுக்கக் கருப்பு, உடல் ஆரஞ்சு என்றால் பால்டிமோர் ஓரியோல். கன்னம் ஆரஞ்சாக இருந்து கண் வழியே கருப்புக்கோடு ஓடினால் புல்லக்ஸ் ஓரியோல். ஒன்றாகச் சேர்த்திருந்த இந்த இரண்டையும் 1995-இல் மறுபடி தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள்.

படி 4: பெண்ணும் இளசும்

கருந்தலை மாங்குயிலில் பெண்ணும் ஏறக்குறைய ஆணைப் போலவே இருக்கும். முதுகில் லேசாகப் பச்சை ஏறியிருக்கும், அவ்வளவுதான். பொன்மாங்குயிலின் பெண் அப்படியல்ல. மேலே பாசிப் பச்சை, வயிறு வெளிறி அதில் மெல்லிய கருங்கோடுகள். கரும்பிடரி இனத்துப் பெண்ணுக்குப் பிடரிப் பட்டை உண்டு, கொஞ்சம் ஒடுங்கியிருக்கும்.

இளசுகளுக்கு அலகே கருமையாக இருக்கும். கருந்தலை இனத்து இளசின் நெற்றியில் மஞ்சள் கலந்திருக்கும். வெளிறிய தொண்டையில் கோடுகள் ஓடும். மற்ற இனங்களின் இளசுகளில் பட்டை மங்கலாக இருக்கும். பக்கத்தில் வளர்ந்த பறவை இருக்கிறதா என்று பாருங்கள்; ஊட்ட வரும் தாயோ தந்தையோ விடையைக் கொண்டுவரும். வராவிட்டால் குறிப்பேட்டில் 'மாங்குயில், இளசு' என்று மட்டும் எழுதுங்கள். அதுவும் சரியான பதிவுதான்.