பெரிய டயருக்கு மட்கார்டு அறுக்க: எந்த இடத்துக்கு எந்தக் கருவி

பெரிய டயர் மாட்டி ஸ்டியரிங்கை ஒடித்ததும் 'கர்ர்' என்று சத்தம் வந்தால், பலரும் உடனே ஏஜி-4 மெஷினைத்தான் (4 இஞ்சு ஆங்கிள் கிரைண்டர்) தேடுவார்கள். அது கடைசியாக எடுக்க வேண்டிய கருவி. சக்கரத்தைச் சுற்றி இருப்பது ஒரே தகடு அல்ல. உள்ளே லைனர் எனப்படும் பிளாஸ்டிக் உறை, முன்னால் பம்பர் மூலை, வெளியே ஒற்றைத் தகட்டு மட்கார்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று தகடுகள் சேர்ந்த வெல்டிங் விளிம்பு, பின்சக்கர வளைவில் இரட்டைத் தகடு. உரசுவது இதில் எது என்று தெரிந்த பிறகுதான் கருவியைப் பற்றிப் பேச முடியும்.

முதலில் கணக்கு. இசுசு வி-கிராஸ் பிக்கப்பில் 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ. 265/65 ஆர்18 போட்டால் 802. ஆரத்தில் கூடுவது வெறும் 19 மி.மீ.தான். பொலேரோவின் 215/75 ஆர்15-க்குப் பதில் 235/75 ஆர்15 என்றால் 704-லிருந்து 734, அதாவது ஆரத்தில் 15. இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கே ஏன் உரசுகிறது? ஸ்டியரிங் முழுதாக ஒடியும்போது டயரின் தோள்பட்டை (மேல்பரப்பும் பக்கவாட்டும் சேரும் விளிம்பு) கேபின் பக்கம் வீசிப் போகிறது. அதோடு ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) குறைந்த வீலையும் மாட்டினால் டயர் வெளியே தள்ளி நிற்கும், அந்த வீச்சு இன்னும் அகலமாகும். ஆஃப்செட்டில் 20 மி.மீ. குறைப்பது, விட்டத்தில் கூட்டுவதைவிட அதிகமாக அறுக்க வைக்கும். பழைய வீலோடு பெரிய டயரை மட்டும் பொருத்திப் பாருங்கள், பாதி வேலை மிச்சமாகலாம். (மேலே சொன்ன வி-கிராஸ் அளவில் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் ஓடுவது 84. இதை ஞாபகத்தில் வையுங்கள்.)

உரசும் இடத்தைக் கண்டுபிடிக்க டயரின் தோள்பட்டையில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுங்கள். சமதளத்தில் மட்டும் ஒடித்துப் பார்த்தால் போதாது. ஒரு முன்சக்கரத்தை வரப்பிலோ மேட்டிலோ ஏற்றி ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இரண்டு பக்கமும் முழுதாக ஒடியுங்கள். முன்னால் நகர்த்தியும் ரிவர்ஸிலும் பாருங்கள், இரண்டிலும் சுண்ணாம்பு ஒட்டும் இடம் வேறாக இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் திம்பத்தின் 27-இலும் வண்டி சாய்வதும் ஸ்டியரிங் ஒடிவதும் ஒன்றாக நடக்கும். பட்டறை வாசலில் உரசாத வண்டி அங்கே உரசுவது இதனால்தான். பிக்கப் என்றால் பின்னால் வழக்கமாக ஏற்றும் தேங்காயோ சிமெண்டோ ஏற்றி வைத்துப் பாருங்கள். கடைசியில் டயருக்கும் தகட்டுக்கும் 15-20 மி.மீ. இடைவெளி வேண்டும், மழைக்காலத்துக் கரிசல் சேறு உள்ளே அப்பிக்கொள்ளும் இடம் அது.

இனி கருவிகள். லைனருக்கும் பம்பர் மூலைக்கும் கட்டிங் வீல் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் உருகி வீலில் ஒட்டும், விளிம்பு பிசுபிசுவென்று நிற்கும். லைனருக்கு நல்ல கட்டர் கத்தி போதும். பம்பருக்கு இஞ்சுக்கு 24 பல் உள்ள ஹேக்ஸா பிளேடு, அல்லது மல்டி டூல் வைத்திருந்தால் குறைந்த வேகத்தில் அது. அறுக்கும் முன் லைனரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். ஏ.பி.எஸ். ஒயரும் வாஷர் தண்ணீர் டப்பாவும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வெல்டிங் விளிம்பை அறுக்காதீர்கள், மடக்குங்கள். அறுத்தால் ஸ்பாட் வெல்டிங்கோடு சேர்ந்து போகும், கேபினின் பலமும் குறையும். மேலிருக்கும் சீலண்டைச் சுரண்டிவிட்டு, இரண்டு கிலோ சம்மட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிப் பின்பக்கம் படுக்க வையுங்கள். பிறகு பி.யு. (பாலியூரிதேன்) சீலண்ட் பூசுங்கள். நிறைய வண்டிகளில் கத்தியும் இந்தச் சம்மட்டியுமே வேலையை முடித்துவிடும்.

ஒற்றைத் தகட்டு முன் மட்கார்டு பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ. கனம். இதற்குத் தகடு வெட்டும் கைக்கத்தரிதான் முதல் தேர்வு. சிவப்புக் கைப்பிடி இடப்பக்க வளைவுக்கு, பச்சை வலப்பக்க வளைவுக்கு, மஞ்சள் நேர்கோட்டுக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மஞ்சளை விட்டுவிடுங்கள், சக்கர வளைவில் நேர்கோடே கிடையாது. சூடு இல்லை, பொறி இல்லை, பெயிண்ட் கருகாது. நிறைய வண்டிகளுக்கு வேலை செய்யும் பட்டறை என்றால் தகட்டைச் சிறு துண்டுகளாகக் கடித்து எடுக்கும் நிப்ளர் நல்லது, ஆனால் அது துப்பும் பிறைத் துண்டுகளைக் காந்தத்தால் ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும், விட்டால் இடுக்கில் கிடந்து துருப்பிடிக்கும். ஜிக்சாவை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. மெல்லிய தகடு அதிர்ந்து துள்ளும். வேறு வழி இல்லையென்றால் 32 பல் பிளேடு போடுங்கள். காற்றில் ஓடும் பாடி சா அருமையான கருவி, ஆனால் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் அதற்கு மூச்சு வாங்கும்.

ஏஜி-4 எடுத்தே ஆக வேண்டும் என்றால் 1 மி.மீ. கட்டிங் வீல், அதன் காலாவதி தேதியைப் பார்த்து. 100 மி.மீ. வீலின் உச்ச வேகம் பொதுவாக நிமிடத்துக்குச் சுமார் 15,200 சுற்று. மெஷினின் பாதுகாப்பு மூடியை (கார்டு) கழற்றிவிட்டு 7 இஞ்சு வீலை மாட்டும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அந்த வீல் தாங்குவது 8,500 சுற்றுதான், மெஷினோ 11,000-க்கு மேல் சுற்றுகிறது. வெடித்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும். இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். பழைய விளிம்புக்கு இணையாகக் கோடு வர, ஒரு வாஷரை விளிம்பில் உருட்டி அதன் துளையில் பென்சிலை வைத்தால் போதும். முதலில் கீறல், பிறகு மூன்று நான்கு நடை. தகடு நீலமானால் அங்கே அதிக நேரம் நின்றிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தேய்ந்து சிறுத்த பழைய வீலை எறியாதீர்கள், வளைவில் புதியதைவிட அது நன்றாகத் திரும்பும். ஒரே நாளில் 30 மி.மீ. எடுக்காமல் 10, 10-ஆக அறுத்து ஒவ்வொரு முறையும் ஒடித்துப் பாருங்கள். பொறி பட்டால் கண்ணாடியில் புள்ளி விழும், வெள்ளைப் பெயிண்டில் சில நாளில் துருப்புள்ளி தெரியும். ஈரச் சாக்கால் மூடி, முடிந்ததும் உடனே வண்டியைக் கழுவிவிடுங்கள்.

பின்சக்கர வளைவில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. அங்கே வெளித்தகடும் உள்தகடும் விளிம்பில் ஸ்பாட் வெல்டிங்கால் சேர்ந்திருக்கும். விளிம்பை அறுத்தால் இரண்டும் பிரிந்து நடுவில் தண்ணீரும் புழுதியும் போகும். உரசுவது மடிப்பு விளிம்பு மட்டும் என்றால் ஹீட் கன்னால் கை வைக்க முடியாத சூடு காட்டி, ரோலரால் மடக்கிவிடலாம், அறுக்கத் தேவையில்லை. பெயிண்டுக்கு அடியில் பட்டி (புட்டி) பூசியிருந்தால் மட்டும் அது வெடிக்கும். அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வெளித்தகட்டைக் கோட்டில் அறுங்கள். உள்தகட்டை 15 மி.மீ. தாழ விட்டு, 25 மி.மீ.க்கு ஒரு வெட்டுப் போட்டு நாக்குகளாக்குங்கள். அவற்றை வெளித்தகட்டோடு சேர மடக்கி சி.ஓ.2 வெல்டிங் வையுங்கள். தொடர்ச்சியாக அல்ல, ஒரு புள்ளி இங்கே, அடுத்தது தள்ளி. இல்லாவிட்டால் தகடு நெளியும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், டீசல் மூடிப் பக்கம் இன்னும் கவனம். நாமக்கல், கரூர் பக்கம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டும் கைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கனத்த தகட்டுக்குப் பழகின கை வேறு, 0.8 மி.மீ. தகட்டுக்குப் பழகின கை வேறு. இந்த வேலைக்குக் கார் டிங்கரைத் தேடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அந்த மாடலின் உயர்ந்த வேரியண்டில் வரும் டயர் அளவுக்குள் நின்றால் தொல்லை குறைவு, பல நேரம் அறுக்கும் வேலையே வராது.

அறுத்த விளிம்பை ஃபிளாப் வீலால் மழித்து, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், மேலே பெயிண்ட். உள்ளே சேர்ந்த இடத்தில் பி.யு. சீலண்ட், அதன்மேல் அண்டர்கோட். இடுக்கைப் பட்டியால் அடைக்க வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி விரியும். விளிம்பில் பீடிங் ரப்பர் போடுவதானால் பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் அதைக் கழற்றி உள்ளே தேங்கிய மண்ணைக் கழுவி, காயவிட்டு மறுபடி மாட்டுங்கள்.