கச்சேரியைக் குறித்து வைப்பது எப்படி

கர்நாடக சங்கீத சீசன் நாட்களில் ரசிகர்களின் போன் குழுக்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து விழும் செய்திகளில் முக்கால்வாசி இரண்டே ரகம். ஒன்று, வெறும் பாட்டுப் பட்டியல். இல்லையென்றால் "இன்னிக்கு என்னா காம்போஜி! சொல்ல வார்த்தை இல்ல" என்று ஒரு ராகத்தைப் பற்றி ஒரு வரி, கூடவே நாலு கும்பிடு. கச்சேரிக்கு வராதவருக்கு இரண்டாலும் பிரயோஜனமில்லை. போய் வந்தவரே அடுத்த ஆடி மாசம் எடுத்துப் படித்தால் அவருக்கும் ஒன்றும் ஞாபகம் வராது. கேட்டதை அடுத்தவருக்குச் சொல்கிற மாதிரி எழுதி வைக்க, முறையாகச் சங்கீதம் படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. கொஞ்சம் பழக்கம் போதும்.

முதல் விஷயம், போனில் எழுதாதீர்கள். இருட்டு ஹாலில் அந்த வெளிச்சம் பின்னால் மூன்று வரிசைக்கு அடிக்கும், நடுவில் ஆபீஸ் செய்தி வேறு வரும், அப்புறம் எங்கே ஆலாபனை (வார்த்தையில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) கேட்பது. சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா என்றால் மை நின்றுபோனது இருட்டில் தெரியாது. ரெக்கார்டிங் பக்கமே போக வேண்டாம். பெரும்பாலான சபாக்களில் அனுமதியும் கிடையாது, மடியில் ஒளித்து வைத்து எடுத்தால் பதிவாவது பக்கத்து சீட்காரரின் இருமல்தான்.

பக்கத்தின் தலையில் தேதி, சபா, எத்தனை மணிக் கச்சேரி, மேடையில் யார் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். யார் யார் என்றால் எல்லாரும்தான். பாட்டு, வயலின், மிருதங்கத்தோடு நிறுத்தி, கடமோ கஞ்சிராவோ வாசித்தவர் பேரை விட்டுவிடுகிறார்கள், பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டுகிற பிள்ளையைக் கேட்கவே வேண்டாம். நாளைக்கு அந்தப் பிள்ளையே மத்தியானக் கச்சேரியில் பாடும், அப்போது பழைய நோட்டைப் புரட்டினால் ஒரு சந்தோஷம் இருக்கும்.

பாட்டுக்கு ஒரு வரி: பல்லவியின் முதல் வார்த்தை, ராகம், தாளம், யார் இயற்றியது. பாட்டு தெரியவில்லையா, காதில் விழுந்த வார்த்தையை விழுந்தபடியே எழுதுங்கள், தெலுங்கு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாம். இயற்றியவரைப் பிடிக்க ஒரு சுலப வழி முத்திரை, அதாவது அவர் பாட்டுக்குள் கையெழுத்து மாதிரி வைக்கும் பேர். பெரும்பாலும் சரணத்தில் வரும். 'தியாகராஜ' என்று வந்தால் சொல்லவே வேண்டாம். 'குருகுஹ' என்றால் முத்துசாமி தீட்சிதர், 'ச்யாமகிருஷ்ண' என்றால் சியாமா சாஸ்திரி, 'பத்மநாப' என்றால் அநேகமாக சுவாதித் திருநாள், 'புரந்தர விட்டல' என்றால் புரந்தரதாசர். தீட்சிதரிடம் இன்னொரு வசதி, பல கிருதிகளில் ராகத்தின் பேரையே சாகித்தியத்துக்குள், அதாவது பாட்டு வரிகளுக்குள், வைத்திருப்பார்.

தாளத்துக்கு முன்வரிசை மாமிகளின் கையைப் பாருங்கள், மேடையைவிட அது தெளிவு. ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல், அப்புறம் தட்டி வீசுவது இரண்டு தடவை என்றால் ஆதி. ஏழு ஏழாக ஓடினால் மிஸ்ர சாபு, ஐந்து ஐந்தாக ஓடினால் கண்ட சாபு. இதற்கு மேல் ஏதாவது என்றால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்.

ராகம்தான் எல்லாருக்கும் பயம். சினிமாப் பாட்டை வைத்துக் கண்டுபிடிப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. 'கவிக்குயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' மனசில் ஓடினால் ரீதிகௌளை என்று எழுதுங்கள், பக்கத்தில் 'ஆனந்தபைரவி?' என்றும் எழுதுங்கள், இரண்டும் ரொம்ப நெருக்கம். இந்த மாதிரி ஜோடிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆபோகியா ஸ்ரீரஞ்சனியா என்றால் நிஷாதத்துக்கு (ஸரிகமபதநியில் 'நி') காது கொடுங்கள், வந்தால் ஸ்ரீரஞ்சனி, கடைசி வரை வராவிட்டால் ஆபோகி. நாயகி, தர்பார் சண்டைக்கு நான் வரவில்லை. வித்வான்களே மெனக்கெட்டுப் பிரித்துக் காட்ட வேண்டிய ஜோடி அது.

இதுவரை சொன்னது பட்டியல். குறிப்பின் உயிர் இனிமேல்தான். ஒரு கச்சேரிக்கு ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே என்ன நடந்தது என்று எழுதுங்கள். 'தெய்வீகம்', 'உருக்கிவிட்டார்', 'சொக்கிப் போனோம்' மூன்றுக்கும் தடை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"மெயின் காம்போஜி, ஓ ரங்கசாயி, ஆதி. 'பூலோக வைகுண்டம்' நிரவல். ரொம்ப நேரம் கீழேயே நின்றார். வயலின் ஒவ்வொரு தடவையும் பாடினவர் விட்ட ஸ்வரத்திலிருந்தே எடுத்தார். மேல் ஷட்ஜம் வந்ததும் மிருதங்கம் நாலு ஆவர்த்தனம் தொப்பியைத் தொடவில்லை, வலந்தலை மட்டும். திரும்பவும் கும்கி விழுந்தபோது ஹால் மொத்தமும் 'ஆஹா'."

(மெயின் என்றால் கச்சேரியின் பிரதானப் பாட்டு. நிரவல், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விதவிதமாகப் பாடுவது. மேல் ஷட்ஜம், மேலே இருக்கிற 'ஸ'. ஆவர்த்தனம், தாளத்தின் ஒரு சுற்று. தொப்பி மிருதங்கத்தின் இடது பக்கம், வலந்தலை வலது பக்கம், கும்கி தொப்பியில் எழும் கும்மென்ற நாதம்.) இதில் பாராட்டு வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் வராதவருக்கு வயிற்றெரிச்சல் நிச்சயம். பிடிக்காததையும் இதே மாதிரி எழுதலாம். "சுருதி சேரவில்லை" என்று பொத்தாம்பொதுவாகத் தள்ளாமல் எந்தப் பாட்டில், எந்த ஸ்தாயியில் (கீழேயா, நடுவிலா, மேலேயா) என்று சொல்லுங்கள். கல்கி 'கர்நாடகம்' என்ற பேரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளைப் பற்றி எழுதிய நாளிலிருந்தே தமிழில் இதற்கு நல்ல வழக்கம் இருக்கிறது, கிண்டலுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் மத்தியான ஸ்லாட்டில் காலி நாற்காலிகளுக்குப் பாடுகிற பதினாறு வயசுக் குழந்தையிடம் அந்தக் கிண்டல் வேண்டாம்.

தனி ஆவர்த்தனத்தின்போது, அதாவது தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும்போது, எழுந்து கேன்டீனுக்குப் போகாதீர்கள். போண்டா எங்கேயும் போய்விடாது. தனியில் எல்லாம் புரிய வேண்டும் என்று இல்லை. எந்த நடைக்கு மாறினார்கள், திஸ்ரமா (மூன்று மூன்றாக) கண்டமா (ஐந்து ஐந்தாக), மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசிக்கையில் யார் யாரைச் சிரிக்க வைத்தார், இது போதும். ராகம் தானம் பல்லவி (ராகத்தை விரித்து, தானம் பாடி, ஒரே வரியை எடுத்து விஸ்தாரமாகப் பாடுவது) என்றால் அந்தப் பல்லவி வரியை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். சில பல்லவிகள் அந்த மேடைக்கென்றே அமைத்தவை, வேறெங்கும் தேடினாலும் கிடைக்காது. கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளான துக்கடாக்களுக்குப் பேர் மட்டும் போதும், விருத்தம் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்) பாடினால் ராகமாலிகையில் எந்தெந்த ராகம் என்று வரிசையாக.

அன்று ராத்திரியே, தூங்கும் முன் சுத்தமாக எழுதி அனுப்பிவிடுங்கள். மறுநாள் இன்னொரு கச்சேரி கேட்டுவிட்டால் இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். கேள்விக்குறிகளை மறைக்காமல் அப்படியே போடுங்கள், குழுவில் யாராவது ஒரு மாமா திருத்துவார், திருத்துவதில் அவருக்கு ஒரு பரம சந்தோஷம். கூடவே ஒரு பழைய பதிவையும் சேர்த்து அனுப்புவது நல்ல வழக்கம். இன்றைக்கு வராளி ராகத்தில் 'கா வா வா' கேட்டீர்கள் என்றால் மதுரை மணி ஐயர் பாடியதையும், சகானாவில் 'கிரிபை' என்றால் எம்.டி.ராமநாதனையும் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் உடனே "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று ஆரம்பிக்கக் கூடாது, அந்தப் பேச்சு தொடங்கினால் அன்றைய கச்சேரியை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டு, அங்கே ராகவாரியாகப் பக்க எண் குறித்து வையுங்கள். தோடிக்குத்தான் சீக்கிரம் இடம் போதாமல் போகும், அதற்கு மட்டும் ஆரம்பத்திலேயே அரைப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.