பால் கணக்கை வைத்துத் தாக்குப்பிடிக்கும் பசுவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உச்சக் கறவையை மட்டும் பார்த்துத் தாய்ப்பசுவைத் தேர்ந்தெடுத்து வந்தால் தலைமுறைக்குத் தலைமுறை பால் கூடும். கூடவே மடிநோயும் சினை பிடிக்காத தொல்லையும் கூடும். எந்தப் பசு தாக்குப்பிடிக்கும் என்பது தினசரிப் பால் கணக்கிலேயே இருக்கிறது. வெயில், தீவன மாற்றம், காய்ச்சல் எது வந்தாலும் பால் அதிகம் இறங்காமல், இறங்கினாலும் சீக்கிரம் பழைய அளவுக்குத் திரும்பும் பசுதான் நமக்கு வேண்டியது.

பாலை அளவுக் குவளையால் அளக்காதீர்கள், நுரை ஏமாற்றும். 100 கிராம் துல்லியமுள்ள தராசில் இரு வேளையும் எடை போட்டு அப்போதே எழுதுங்கள். பத்து நாளும் சரியாக 5 கிலோ என்று கணக்கு இருந்தால் அது பசுவின் நிதானம் அல்ல, எழுதியவர் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார். கன்று மடியில் குடிக்கும் பால் கணக்கில் வராது. அளந்து வாளியில் ஊட்டினால்தான் எண்கள் நம்பத்தக்கவை. ஒரு வேளை எழுத விட்டுப்போனால் அந்த நாளையே நீக்குங்கள், இல்லையெனில் பாதிப் பால் பெரிய சரிவாகத் தெரியும்.

அடுத்து, அன்றைக்கு வந்திருக்க வேண்டிய பால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சராசரி இதற்கு உதவாது. பசு நோயில் விழுந்தால் சராசரியும் கூடவே இறங்கிச் சரிவை மறைத்துவிடும். ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் 15 நாள், ஆக 31 நாள் அளவுகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, பத்தாவதாக வருவதை எதிர்பார்க்கும் அளவாக வையுங்கள். விரிதாளில் 'லார்ஜ்' சார்பு இதைச் செய்துவிடும். கன்று ஈன்ற முதல் 30 நாள் பால் வேகமாக ஏறும் காலம் என்பதால் அதற்கு இந்த முறை பொருந்தாது. அந்த நாட்களுக்கு நோய்க் குறிப்பையே பாருங்கள்.

எதிர்பார்த்தது 14 கிலோ, கறந்தது 10.5 என்றால் சரிவு 25 விழுக்காடு. அதே நாளில் மந்தையின் நடு அளவுச் சரிவு (எல்லாப் பசுக்களின் சரிவையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 10 விழுக்காடு என்றால், வெயிலோ தீவனமோ எல்லா மாட்டையும் தாக்கியிருக்கிறது. இந்தப் பசுவின் சொந்தச் சரிவு 15 மட்டுமே. இப்படிக் கழித்து வரும் தினசரி எண்களின் திட்ட விலக்கம், அதாவது அவை தம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவுதான், பசுவின் மதிப்பெண். குறைவாக இருந்தால் நல்லது. கிலோவில் கணக்கிட்டால் அதிகம் கறக்கும் பசு அநியாயமாகத் தோற்றுப்போகும், ஆகவே விழுக்காட்டை விடாதீர்கள். பருவத்துக்கு வரும் நாளில் பால் குறைந்து மறுநாள் திரும்புவதை நோயாக எண்ண வேண்டாம். வாரக்கணக்கில் திரும்பாத சரிவுதான் கவலைக்குரியது.

முதல் ஈத்துப் பசுவை முதல் ஈத்துடனேயே ஒப்பிடுங்கள். ஒரே கறவைக் காலத்தை வைத்து முடிவெடுக்காமல் இரண்டாவது ஈத்தையும் பாருங்கள். கன்று ஈன்ற 80-ஆம் நாளில் மடிநோயால் மந்தையிலிருந்து கழிக்கப்பட்ட பசுவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது பலரும் செய்யும் பிழை. அது கடைசி இடத்தில் இருக்க வேண்டிய பசு. மாதம் ஒருமுறை பாலில் உடலணு (பசுவின் உடலிலிருந்து பாலில் கலக்கும் செல்கள்) எண்ணிக்கையும் பாருங்கள். மில்லி லிட்டருக்கு 2 லட்சத்தைத் தாண்டினால், பால் குறையாவிட்டாலும் மடியில் தொற்று இருக்கலாம்.

தேர்வு செய்யும்போது முதலில் பாலுக்கு ஒரு கீழ் எல்லை வையுங்கள்; மந்தைச் சராசரிக்குக் கீழே கறந்து நிதானமாக நிற்கும் பசுவால் பயனில்லை. எல்லையைத் தாண்டியவற்றில் மதிப்பெண் சிறந்த மூன்றில் ஒரு பங்குக்குப் பாலினம் பிரித்த விந்து (பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும்படி பிரித்தது) போட்டுக் கிடேரிகளை வளர்க்கலாம். கடைசிப் பங்கின் கிடேரிகளை மந்தைக்கு வைக்க வேண்டாம்.

இந்தத் தாக்குப்பிடிக்கும் குணத்தின் மரபுவழிப் பங்கு, அதாவது பசுக்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் மரபால் வருவது, ஏறத்தாழ 20 விழுக்காடு. கன்றுக்குப் பாதி மரபு காளையிடமிருந்து வருகிறது. எனவே காளைத் தேர்வில் கஞ்சத்தனம் கூடாது. காளையின் தாய் எவ்வளவு கறந்தது என்ற விளம்பரத்தைவிட, அதன் மகள்களின் மடி நலம், சினை பிடிப்பு, மந்தையில் நிலைக்கும் காலம் ஆகியவற்றின் மதிப்பீட்டையும் நம்பகத்தன்மையையும் கேளுங்கள். உங்கள் பண்ணையில் நான்கைந்து மகள்களை மட்டும் பார்த்துக் காளையை எடைபோட முடியாது. காளையை அதன் மகளுக்குப் போட்டால் கன்றில் 25 விழுக்காடும், பேத்திக்குப் போட்டால் 12.5 விழுக்காடும் இரத்த நெருக்கம் (உறவுக்குள் இனம் சேர்வதன் அளவு) சேரும். அது 6.25 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க, ஒவ்வொரு சினை ஊசிக்கும் காளை எண்ணைப் பால் கணக்கின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.