டிஏசி மாட்டுறீங்களா? பாட்டைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ஸ்டுடியோ தர டிஏசி (கம்ப்யூட்டர்ல இருக்குற டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான அனலாக் சிக்னலா மாத்துற கருவி) வாங்கினா, ஆன் பண்ற வரிசையை முதல்ல பழகிக்குங்க. டிஏசி முதல்ல, ஆம்ப்ளிஃபயரோ பவர்டு ஸ்பீக்கரோ (ஆம்ப்ளிஃபயர் உள்ளயே இருக்குற ஸ்பீக்கர்) கடைசியா. அணைக்கும்போது நேர்மாறு. இல்லைன்னா ‘டொப்’னு ஒரு சத்தம் வரும், ட்வீட்டருக்கு (கீச்சுன்னு வர்ற சத்தத்தைத் தர்ற சின்ன ஸ்பீக்கர்) அது ஆகாது.

டிஏசி பின்னாடி மூணு முள் எக்ஸ்எல்ஆர் (ஸ்டுடியோக்கள்ல போடுற வட்டமான இணைப்பு) இருந்து, ஸ்பீக்கர்லயும் அது இருந்தா அதையே போடுங்க. ஆனா ஒண்ணு: புரொஃபஷனல் கருவிகளோட வழக்கமான சிக்னல் அளவு +4 டிபியு, அதாவது சுமார் 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளுக்கு -10 டிபிவி, சுமார் 0.32 வோல்ட். கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம்! வால்யூமை அடியோட குறைச்சு வச்சே ஆரம்பிங்க.

அடுத்து சாம்பிள் ரேட், அதாவது ஒரு விநாடிக்கு ஒலியை எத்தனை தடவை அளந்து பதிஞ்சிருக்காங்கங்கிறது. சிடி பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோ பெரும்பாலும் 48. விண்டோஸ் தானா எல்லாத்தையும் ஒரே அளவுக்கு மாத்திடும். பிளேயர்ல எக்ஸ்க்ளூசிவ் மோட் (விண்டோஸ் மாத்தாம பாட்டை நேரா டிஏசிக்கு அனுப்புற வசதி) போட்டா அந்தத் தொல்லை இல்ல.

‘ம்ம்ம்’னு ரீங்காரம் கேக்குதா? லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. எனக்கு இது தோணவே ரெண்டு நாளாச்சு, அதுக்குள்ள புது கேபிள் வேற வாங்கிட்டேன்! கழட்டினதும் சத்தம் நின்னா, அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப்தான், அதாவது கருவிகளோட எர்த் இணைப்பு வழியா கரண்ட் சுத்தி வர்றது. எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டுங்க. அப்பவும் போகலைன்னா ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்க. அதுல போறது வெளிச்சம், கரண்ட் இல்ல. எர்த் முள்ளை மட்டும் உடைச்சிடாதீங்க.